பூட்டிய பெட்டியும் பழைய காகிதமும்: கோதிக் திகில் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கிலத் திகில் நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிற ஆள் நான். அது தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பதில்களில் என் ருசியும் கலந்திருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சை நான் அவிழ்த்துவிடும் இடங்களில் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

கோதிக் திகில் என்றால் பேய்க் கதைதானே?

பாதி சரி. பேயே வராத கோதிக் நாவல்கள் நிறைய உண்டு. பழைய வீடு இல்லாத கோதிக் நாவல்தான் அபூர்வம். ஒரு கோட்டை அல்லது பெரிய பங்களா, அதில் யாரும் போகக்கூடாத ஓர் அறை, அந்தக் குடும்பத்தில் எப்போதோ நடந்து மூடி மறைக்கப்பட்ட ஒரு தப்பு, ஒன்றும் தெரியாமல் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும் ஓர் ஆள். இவ்வளவு இருந்தால் கதை ஓடும். பேய் வந்தாலும் தாத்தா வாங்கிய கடனைக் கேட்டுப் பேரன் வீட்டு வாசலில் நிற்கும் ஆள் மாதிரிதான் வரும்.

ஆங்கிலத்தில் இதன் பழைய காலம் என்று நான் வைத்துக்கொள்வது 1764 முதல் இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள் வரை.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கோத்துகள் என்பவர்கள் ஜெர்மானிய இனக்குழுவினர். அவர்களில் ஒரு பிரிவினர் 410இல் ரோம் நகரைச் சூறையாடினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியக் கலைஞர்கள், கூர்மையான வளைவுகள் கொண்ட இடைக்காலத் தேவாலயங்களைப் பார்த்து, 'இது காட்டுமிராண்டிக் கட்டடம்' என்று ஏளனமாக 'கோதிக்' என்றார்கள். வசவாகத் தொடங்கிய பெயர் கட்டடக் கலைக்கு நிலைத்துவிட்டது. அந்த மாதிரிக் கட்டடங்களில் நடக்கும் கதைகளுக்கும் அப்புறம் அதே பெயர் வந்தது.

முதல் கோதிக் நாவல் எது? அதிலிருந்து தொடங்கலாமா?

ஹோரஸ் வால்போல் எழுதிய 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ', 1764. தொடங்க வேண்டாம்! ஆனால் அது பிறந்த கதை நன்றாக இருக்கும்.

வால்போல், பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் மகன். லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் 'ஸ்ட்ராபெரி ஹில்' என்ற வீட்டை வாங்கி, அதைக் குட்டிக் கோட்டையாக மாற்றிக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு நீண்ட கூடத்தின் மேற்கூரை, பழைய தேவாலயக் கல் வேலைப்பாடு போலத் தோன்றும். உண்மையில் அது காகிதக்கூழ். அந்த வீட்டில் ஒருநாள் அவருக்கு ஒரு கனவு: பெரிய மாடிப்படியின் கைப்பிடிச் சுவர்மேல், இரும்புக் கவசம் அணிந்த ராட்சதக் கை ஒன்று. எழுந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

கதை, கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தலையில் ஆகாயத்திலிருந்து ஒரு பிரம்மாண்டத் தலைக்கவசம் விழுவதில் தொடங்குகிறது. இன்று படித்தால் சிரிப்புதான் வரும். இந்த நாவலில் எனக்குப் பிடித்தது அதன் முன்னுரை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த புத்தகம், 1529இல் நேப்பிள்ஸில் அச்சானது, அதன் மொழிபெயர்ப்புதான் இது என்று ஒரு புளுகு. பலர் நம்பினார்கள். புத்தகம் விற்றது. 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் 'நான்தான் எழுதினேன்' என்று ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற வார்த்தையையும் சேர்த்தார். ஆக, இந்த வகை எழுத்து ஒரு போலி ஆவணத்தில் பிறந்தது. இதை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

உண்மையிலேயே பயமாக இருக்குமா?

திரையில் திடீரென்று ஒரு முகம் பாய்ந்து வரும்போது தூக்கிப்போடுமே, அந்தப் பயத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஆன் ராட்கிளிஃப் என்பவர் 1790களில் இந்த வகையின் நட்சத்திர எழுத்தாளர். 1794இல் வந்த 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'வுக்கு 500 பவுனும், அடுத்த நாவலான 'தி இட்டாலிய'னுக்கு 800 பவுனும் வாங்கியவர். அந்தக் காலத்துக்கு அது கண்ணைக் கட்டும் தொகை. அவர் இறந்தபின் 1826இல் வெளியான ஒரு கட்டுரையில் கிலி வேறு, கொடூரக் காட்சி வேறு என்று பிரிக்கிறார். கிலி மனதை விரியச் செய்து விழிப்பாக்கும். கொடூரக் காட்சி மனதைச் சுருக்கி உறையவைத்துவிடும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், தெளிவாகத் தெரியாமல் இருப்பதில். மங்கலாக இருக்கும்வரைதான் கிலி.

'உடால்ஃபோ'விலேயே இதற்கு ஒரு செயல்முறை விளக்கம் உண்டு. (முடிச்சு அவிழ்கிறது, வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.) நாயகி எமிலி, கோட்டையில் கறுப்புத் திரை போட்டு மூடிய ஒன்றைப் பார்க்கிறாள். திரையை விலக்குகிறாள். மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று ராட்கிளிஃப் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் தாண்டி, கதை முடியப்போகும் நேரத்தில்தான், அது வெறும் மெழுகுப் பொம்மை என்று போகிறபோக்கில் சொல்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அத்தனை பக்கங்களும் அந்தத் திரைக்குப் பின்னால் என்னதான் இருந்தது என்று யோசித்துக்கொண்டே படித்தேன் என்பதும் உண்மை.

அப்படியானால் இதில் என்னதான் ருசி? ஏன் இன்னும் படிக்கிறார்கள்?

ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: சூழல், சோகம், மழை, மெழுகுவத்தி. எனக்குக் காரணம் ஒன்றுதான். காகிதம்.

கவனித்துப் பாருங்கள். இந்தக் கதைகள் ஏறக்குறைய எல்லாமே யாரோ எழுதி, யாரோ ஒளித்து, யாரோ கண்டெடுத்த தாள்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' முழுவதும், வடதுருவத்துக்குக் கப்பலில் போகும் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கும் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்கள். 'டிராகுலா' நாட்குறிப்புகள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றின் கட்டு. 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' ஒரு வக்கீலின் கதை. அவர் கையில் விசித்திரமான ஓர் உயில் இருக்கிறது. அப்புறம், 'ஜெக்கில் இறந்தால் அல்லது காணாமற்போனால் மட்டும் பிரி' என்று எழுதி ஒட்டிய ஓர் உறை வருகிறது. அந்த மனுஷர் நேர்மையானவர், பிரிக்க மாட்டார். நமக்குக் கை துறுதுறுக்கும். நாவலின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் அந்த மாதிரி உறைகளுக்குள் இருந்தவைதான்.

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வில், பூட்டிய இழுப்பறையில் பல வருடங்களாகக் கிடந்த கையெழுத்துப் பிரதியைத் தபாலில் வரவழைத்துக் கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பேய்க் கதைகள் எழுதிய இன்னொரு ஜேம்ஸ், எம்.ஆர்.ஜேம்ஸின் கதைகளில் பாதிக்கு மேல், பழைய ஏடுகளைக் குடைந்துகொண்டிருக்கும் அறிஞர்களுக்குத்தான் ஆபத்து வருகிறது.

இதனால் நமக்கு என்ன ஆகிறது? திகில் படம் பார்க்கும்போது, மாட்டிக்கொண்ட ஒருவரை நாம் வெளியே இருந்து வேடிக்கை பார்க்கிறோம். இந்தக் கதைகளில் பாத்திரம் செய்யும் வேலையும் நாம் செய்யும் வேலையும் ஒன்று. அவளும் ராத்திரியில் தனியாக விளக்கை வைத்துக்கொண்டு, படிக்கக்கூடாத எதையோ படித்துக்கொண்டிருக்கிறாள். நாமும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். பெட்டியைத் திறந்த குற்றத்தில் நமக்கும் பங்கு.

ஜேன் ஆஸ்டென் இதை அன்றே கிண்டல் செய்துவிட்டார். அவர் இறந்த சில மாதங்களில், 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்த்தேஞ்சர் அபே' நாவலில், ராட்கிளிஃப் நாவல்களைப் படித்துப் படித்துத் தலை கிறுகிறுத்த கேத்தரின் என்ற பெண், விருந்தாளியாகப் போன வீட்டின் பழைய அலமாரிக்குள் ஒரு காகிதச் சுருளைக் கண்டுபிடிக்கிறாள். வெளியே புயல். மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. இரவெல்லாம் போர்வைக்குள் நடுக்கம். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால், சலவைக் கணக்கு.

டிராகுலா படங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. நாவலையும் படிக்க வேண்டுமா?

படங்கள் பார்த்தவர்கள்தான் கட்டாயம் படிக்க வேண்டும். 1897 மே மாதம் பிராம் ஸ்டோக்கர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கும் டிராகுலாவை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அவர் வெள்ளை மீசை வைத்த கிழவர், உள்ளங்கையில் ரோமம். ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறார். பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்பது 1922இல் வந்த 'நாஸ்ஃபெரட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் கைவேலை. அந்தப் படம் அனுமதி வாங்காமல் எடுக்கப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவு வாங்கினார். எப்படியோ சில பிரதிகள் தப்பிவிட்டன.

ஸ்டோக்கர் லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேலாளர், நடிகர் ஹென்றி இர்விங்கிடம் பல வருடம் வேலை பார்த்தவர். நாவலில் டிராகுலாவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்கு ஒருநாளும் போனதில்லை. 1890இல் விட்பி என்ற வடகடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போனபோது, அந்த ஊர் நூலகத்தில் ருமேனியப் பகுதிகள் பற்றிய ஒரு பழைய புத்தகத்தில்தான் 'டிராகுலா' என்ற பெயரைக் குறித்துக்கொண்டார். 1885இல் விட்பிக் கரையில் 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் தட்டி நின்றது. நாவலில் அதுவே 'டிமீட்டர்' ஆகி, ஆளில்லாமல், சுக்கானோடு கட்டப்பட்ட கேப்டனின் பிணத்தோடு வந்து சேர்கிறது.

முதல் நான்கு அத்தியாயங்கள், கோட்டையில் மாட்டிக்கொண்ட ஜொனாதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு. திகில் எழுத்தில் இதைவிட நல்ல தொடக்கம் நான் படித்ததில்லை. ராத்திரி ஜன்னல் வழியே பார்க்கிறான். வீட்டுக்காரர் தலைகீழாகச் சுவரில் பல்லி மாதிரி இறங்கிப் போகிறார். ஆனால் அதைவிட என்னை உறுத்திய காட்சி, டிராகுலா சோபாவில் சாய்ந்து இங்கிலாந்தின் ரயில்வே கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருப்பது. வரப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது.

அதன் பிறகு டிராகுலா அதிகம் கண்ணில் படுவதில்லை. மற்றவர்கள் எழுதும் குறிப்புகளின் ஓரத்தில் ஒரு வௌவாலாக, ஒரு பனிமூட்டமாக வந்துபோகிறார். மீனா என்ற பெண் எல்லாருடைய நாட்குறிப்புகளையும் தட்டச்சில் அடித்து, தேதிவாரியாக அடுக்கிப் பிரதி எடுத்துவைக்கிறாள். ரத்தக்காட்டேரியைப் பிடிப்பதே அந்தக் கோப்பினால்தான். அது தெரிந்துதான் டிராகுலா வந்து காகிதங்களைக் கொளுத்துகிறார். நல்லவேளை, இரும்புப் பெட்டியில் இன்னொரு பிரதி இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி பிடிக்கும்.

ஒரு சின்ன வேடிக்கை: லூசி என்ற பெண்ணுக்கு நான்கு ஆண்கள் அடுத்தடுத்து ரத்தம் கொடுக்கிறார்கள். ரத்த வகைகளைக் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்ததோ 1901இல். பாவம், அவளைக் கொன்றதில் டிராகுலாவின் பங்கு எவ்வளவு, டாக்டர்களின் பங்கு எவ்வளவு என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும். டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரா, டாக்டரின் பெயரா?

உருவாக்கியவனின் பெயர், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். டாக்டரும் இல்லை, இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்து மாணவன். அவன் உண்டாக்கிய உயிருக்குப் பெயரே வைக்கவில்லை. பெற்றுப்போட்டுவிட்டு, பெயர்கூட வைக்காமல் ஓடிப்போன தகப்பன் என்று வைத்துக்கொண்டால் நாவல் எதைப் பற்றியது என்பது புரிந்துவிடும்.

இது எழுதப்பட்ட சூழலைச் சொல்லியாக வேண்டும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தில் பரவி, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. பயிர்கள் அழிந்தன. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி என்ற வீட்டில் கவிஞர் பைரன், அவருடைய மருத்துவர் பாலிடோரி, பக்கத்து வீட்டில் தங்கியிருந்த கவிஞர் ஷெல்லி, பின்னாளில் அவர் மனைவியாகி இந்த நாவலை வெளியிட்ட மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் ஆகியோர் மழையினால் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். ஜெர்மன் பேய்க் கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்துவிட்டு, 'ஆளுக்கு ஒன்று எழுதுவோம்' என்றார் பைரன். இரண்டு பெருங்கவிஞர்களும் கொஞ்சம் எழுதி விட்டுவிட்டார்கள். மேரிக்கு அப்போது 18 வயது. அவர் முடித்தார். பாலிடோரி எழுதிய 'தி வாம்பயர்' 1819இல் வந்து, ஆங்கில ரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு வழி திறந்தது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு பூதங்கள்!

புத்தகம் 1818 ஜனவரி 1 அன்று, பெயர் போடாமல், 500 பிரதிகள் அச்சானது. முன்னுரை எழுதியது ஷெல்லி என்பதால் நாவலும் அவருடையது என்றே பலர் நினைத்தார்கள்.

மேரியின் தாய், பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், இவரைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனவர். மேரியும் 1815இல், குறைமாதத்தில் பிறந்த தன் முதல் குழந்தையை இழந்திருந்தார். பிறப்பும் பிணமும் ஒரே அறையில் இருக்கும் இந்த நாவலை இதைத் தெரிந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

விஞ்ஞானப் பின்னணியும் கற்பனை இல்லை. கால்வானி செத்த தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்தவர். அவர் உறவினர் அல்டினி, 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது. ஆனால் நாவலில் உயிர் வரும் காட்சியில் இடி மின்னல், பெரிய யந்திரங்கள் எதுவும் கிடையாது. நவம்பர் மாத மழை இரவு, தீரப்போகும் மெழுகுவத்தி, மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. சில வரிகளில் முடிந்துவிடும்.

படங்களில் உறுமும் அந்த உயிர், நாவலில் மில்டனையும் புளுடார்க்கையும் படிக்கிறது. மிக அழகாகப் பேசுகிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட உடுப்பின் பையில் விக்டரின் குறிப்புகள் இருக்கின்றன. தான் எப்படி, என்ன அருவருப்போடு உண்டாக்கப்பட்டோம் என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்கிறது. நான் சொன்ன காகித விவகாரத்தில் இதுதான் மிகக் கொடூரமான காகிதம்.

இந்தக் கதைகளில் பெண்கள் ஏன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்?

பூட்டிவைக்கிறார்கள், அதனால் ஓடுகிறார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்கள் வரும்வரை, கல்யாணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். 'உடால்ஃபோ'வின் வில்லன் மான்டோனி மந்திரவாதியோ ரத்தக்காட்டேரியோ இல்லை. மனைவியைக் கோட்டைக் கோபுரத்தில் அடைத்துச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் கணவன். ஷெரிடன் லெஃபானுவின் 'அங்கிள் சைலஸ்' நாவலில் (1864), ஒரு பணக்காரப் பெண்ணைத் தகப்பனின் உயில் அவருடைய சகோதரரின் வீட்டுக்கு, அவர் காப்பில் இருக்க அனுப்புகிறது. அவள் செத்தால் சொத்து அந்த ஆளுக்கு. அன்றைய வாசகிகளுக்கு இதில் எது கற்பனை என்று தோன்றியிருக்கும்?

சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற அமெரிக்கர் 1892இல் எழுதிய 'தி யெல்லோ வால்பேப்பர்' பத்துப் பதினைந்து பக்கங்கள்தான். பிள்ளைபெற்றபின் மனச்சோர்வில் இருக்கும் பெண்ணுக்கு டாக்டர் கணவன் ஓய்வு கட்டளையிடுகிறான்: எழுதக்கூடாது, யோசிக்கக்கூடாது, மாடி அறையில் படுத்திரு. அவள் ஒளித்து ஒளித்து எழுதும் குறிப்புகள்தான் கதை. சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்ந்து போவது அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. கில்மனுக்கு 1887இல் இதே சிகிச்சை நடந்தது. எம்.ஆர்.ஜேம்ஸின் பேய்கள் எல்லாம் சேர்ந்தும் இந்தச் சுவர்த்தாள் அளவுக்கு என்னைக் கலக்கியதில்லை.

பேய் உண்மையா, பிரமையா என்று கடைசிவரை சொல்லாமல் விட்டுவிடுகிறார்களே. ஏமாற்று வேலை இல்லையா?

'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1898இல் வந்தது. இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளம் ஆசிரியை, செத்துப்போன இருவரை அந்த வீட்டில் பார்க்கிறாள். மற்றவர்கள் பார்த்தார்களா என்பது தெளிவில்லை. எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர் 1934இல், பேய்கள் எல்லாம் அவள் மனதில்தான் என்று எழுதினார். சண்டை அதிலிருந்து ஓயவில்லை.

என் கட்சி: நமக்குக் கிடைத்தது அவள் எழுதிய தாள்கள் மட்டும். அவளைத் தாண்டிப் போய்ச் சாட்சி விசாரிக்க வழியில்லை. அதைச் சகிக்க முடியாதவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காது, அதில் தப்பும் இல்லை. இரண்டு முறை படியுங்கள். முதல் முறை அவளை நம்பி, இரண்டாம் முறை நம்பாமல்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

ஆளைப் பொறுத்தது. ஸ்டோக்கர் பத்திரிகைக்காரர் மாதிரி எழுதுவார். விட்பியில் ஒரு கிழவர் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சில் பொழிவார், அதைத் தாண்டிவிடுங்கள். மேரி ஷெல்லியின் வாக்கியங்கள் நீளம், ஆனால் நேராக இருக்கும். ராட்கிளிஃப் மலை, மேகம், சூரிய அஸ்தமனம் என்று வர்ணித்து நடுநடுவே கவிதையும் போடுவார். நாயகி கோட்டைக்குப் போய்ச் சேரவே இரண்டாம் பாகம் ஆகிவிடும். ஹென்றி ஜேம்ஸ் வாக்கியம் ஒன்றில் நுழைந்தால் வெளியே வர வழி கேட்க வேண்டும். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துச் சுருக்கப் பதிப்புகள் மட்டும் வேண்டாம். நான் 'டிராகுலா'வை முதலில் படித்தது நடைபாதைக் கடையில் வாங்கிய அப்படி ஒரு பதிப்பில். நாட்குறிப்புகளை எல்லாம் உருவிவிட்டுச் 'சம்பவங்களை' மட்டும் வைத்திருந்தார்கள். 'இதற்கா இவ்வளவு பேர்?' என்று பல வருடம் ஒதுக்கிவைத்திருந்தேன்.

இலவசமாகக் கிடைக்குமா?

புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் மேலே சொன்ன பழைய நாவல்களை இறக்கிக்கொள்ளலாம். கேட்க விரும்பினால் லிப்ரிவாக்ஸ். 1938இல் வந்த டாஃப்னி டு மோரியரின் 'ரெபெக்கா' போன்றவற்றுக்கு உரிமை இன்னும் உண்டு, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கொடுக்கலாம், தப்பில்லை.

தமிழில் உண்டா?

புதுமைப்பித்தன் 'ஃபிராங்கன்ஸ்டை'னை 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அவருடைய 'காஞ்சனை'யையும் படியுங்கள். மனைவி வீட்டோடு வைத்துக்கொண்ட பிச்சைக்காரப் பெண் யார், என்ன என்று முடிவுகட்ட முடியாமல் விடுகிற கதை. கோட்டையும் கிடையாது, மழையும் கிடையாது.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் உண்டு. நம் வேதாளக் கதைகளில் சிலவற்றை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் 'விக்ரம் அண்ட் தி வாம்பயர்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். முருங்கை மரத்து வேதாளத்தை ரத்தக்காட்டேரி ஆக்கியது எனக்கு ஒப்பவில்லை. நம் வேதாளம் ரத்தம் குடிக்காது, கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும்.

இவற்றில் நிற வெறியும் காலனி மனப்பான்மையும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. 'ஜேன் ஐர்' (1847) நாவலில் மாடியில் பூட்டிவைக்கப்பட்ட மனைவி ஜமைக்காவிலிருந்து வந்தவள். அவளுக்குப் பேச ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரிஸ், 1966இல் 'வைட் சர்காஸோ ஸீ' எழுதி அவளைப் பேசவைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் முதல் நாவலை முன்போல் படிக்க முடியாது. 'டிராகுலா'வே கிழக்கிலிருந்து வந்து லண்டனில் வீடு வாங்கும் அந்நியனைப் பற்றிய பீதிதான். டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா' (1902) கதையில் மூன்று வரம் தரும் குரங்குப் பாதம் இந்தியாவிலிருந்து ஒரு ராணுவக்காரன் கொண்டுவருவது. அதில் மந்திரம் வைத்தவர் ஒரு பக்கீர். கொள்ளையடித்த நாட்டிலிருந்து ஏதாவது பின்தொடர்ந்து வந்துவிடுமோ என்ற பயம் அந்தச் சமூகத்தின் அடிமனதில் இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொண்ட ஒரே இடம் இந்தக் கதைகளாகக்கூட இருக்கலாம்.

ராத்திரியில்தான் படிக்க வேண்டுமா?

மின்சார ரயிலில் நின்றுகொண்டே 'ஜெக்கில்' முழுவதையும் படித்தவன் நான். ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது. எதைப் படிப்பது?

எம்.ஆர்.ஜேம்ஸின் 'ஓ, விசில், அண்ட் ஐ'ல் கம் டு யூ, மை லேட்'. 1904இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டுவதற்காகவே கதை எழுதியவர்.

பேய் பிசாசெல்லாம் பொய் என்று அடித்துப் பேசும் ஒரு பேராசிரியர், விடுமுறைக்குக் கடலோர விடுதிக்குப் போகிறார். இடிந்துகிடக்கும் பழைய கட்டடம் ஒன்றில் ஒரு விசில் கிடைக்கிறது. அதில் லத்தீனில் ஏதோ எழுதியிருக்கிறது, 'யார் இது, வருவது?' என்ற மாதிரி. ஊதிப் பார்க்கிறார். அவருக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில். மறுநாள் காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், 'நேற்று எந்தக் கட்டிலில் படுத்தீர்கள்? இரண்டுமே கலைந்திருக்கிறதே' என்ற மாதிரி கேட்கிறாள்.

மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது லாட்ஜில் எனக்கு இரட்டைக் கட்டில் அறை கொடுத்தால், சின்னப் பையோ பெரிய பையோ, கொண்டுபோனது அத்தனையையும் காலியான கட்டில்மேல் பரப்பி வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.